மஞ்சள் நாக்கும் நான் விழுங்கிய வாக்கியமும்

"நாக்கு" என்றார் சீன டொக்டர்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"நாக்கை நீட்டட்டாம்" என்றேன். "நல்லா நீட்டுங்கோ அண்ணி, வெக்கப்படாதேங்கோ."

நீட்டினார். அடிவரை மஞ்சள். லேசான மஞ்சள் இல்லை, மலைப்பாதையில் ஊதிக்கொண்டு வரும் தபால் பேருந்தின் மஞ்சள். எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே அந்த நாக்கைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்து, என் கொப்பியில் 'ஈரச் சூடு' என்று நோயின் பெயரையும் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.

டொக்டர் மேசை விளக்கைக் கிட்ட இழுத்தார். ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து நாக்கின் நடுவில் தேய்த்தார். பஞ்சு மஞ்சளானது. தேய்த்த இடத்தில் நாக்கு, எல்லோருடைய நாக்கையும் போல, இளஞ்சிவப்பாக இருந்தது. குச்சியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"காலையில் என்ன சாப்பாடு?"

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மிளகு, மல்லி, உள்ளிப்பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா காலை ஆறு மணிக்கு வைத்துக் கொடுக்கும் சரக்குக் கறி. வீட்டுக் கதவைத் திறந்தாலே படிக்கட்டு முழுக்க மணக்கும்.

"கறி" என்றேன்.

"இது நோய் இல்லை" என்றார் டொக்டர். "இது கறி."

சனிக்கிழமை சனிக்கிழமையாக நான் படித்த வைத்தியம் ஒரு பஞ்சுக் குச்சியில் ஒட்டிக்கொண்டு குப்பைக்கூடைக்குள் போனது. சுவிட்சர்லாந்தின் சோலோதுர்னில், ஒரு மாரிகால முற்பகலில். அன்று நடந்தது அதோடு முடிந்திருந்தால் இதை வெறும் பகிடியாக எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

லினன் காற்சட்டைக்காரர்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் தேனீ வளர்த்த கதையைப் படித்த ஒருவர், "இந்தப் பிள்ளை எதையாவது கடைசிவரை படிச்சிருக்கோ" என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை. பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்று பருவம், யோகா ஒரு கோடை, தேனீ இரண்டு பெட்டி. பிறகு சீன வைத்தியம். எனக்குத் தொடங்கிவைக்க ஆள் தேவைப்பட்டதே இல்லை.

அப்போது ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் மூலிகைத் தேநீர் விற்றுக்கொண்டிருந்தேன். 'தாய்மையின் தங்கம்' என்று ஒரு பொட்டலம், 'பெண்மையின் சமநிலை' என்று இன்னொன்று. இரண்டிலும் பெருஞ்சீரகம்தான். வாங்க வருகிற பெண்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கே பக்தி வந்துவிட்டது. பொய்யை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னால் சொல்கிறவருக்குத்தான் முதலில் ஏறும்.

சீன வைத்தியப் பாடநெறியின் ஆசிரியர் ஒரு சுவிஸ்காரர். சீனாவில் மூன்று வாரம் இருந்தவர். அந்த மூன்று வாரத்தை ஒரு வருடப் பாடமாக நீட்டத் தெரிந்தவர். உறைபனியிலும் மெல்லிய லினன் துணிக் காற்சட்டை. வகுப்பில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் ஏதோ ஒரு படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு வந்தவர்கள். பதினான்காவது பெண் எதையும் விடவில்லை, அவரைத்தான் கணவர் விட்டிருந்தார்.

"பிள்ளை பெற்ற உடம்பு, கதவு திறந்து கிடக்கும் வீடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் லினன் காற்சட்டை. "இரத்தம் குறைந்திருக்கும். சக்தி குறைந்திருக்கும். காற்று உள்ளே புகும்."

நான் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன். இதைத்தானே எங்கள் வீட்டில் அம்மா காலையும் மாலையும் சொல்கிறார்.

எங்களைப் பார்த்துப் படித்தவர்கள்

அம்மா முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை. இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார். ஆனால் பிள்ளைப்பேறு என்று வந்தால் அவருக்கு சுவிட்சர்லாந்து என்று ஒரு நாடே கிடையாது. முப்பத்தொரு நாள் துடக்குத் தீட்டு. இலை அவித்த வேதுத் தண்ணீரில் குளிப்பு. இலை கிடைக்காததால் இந்தியக் கடையில் வாங்கிய காய்ந்த வேப்பிலை. காதுக்குப் பஞ்சு. பால் சுரக்கச் சுறாப் புட்டு. ஜன்னலைத் திறந்தால் கொலைக்குற்றம்.

அன்று மாலையே சமையலறைக்குள் போய்ச் சொன்னேன். "அம்மா, சீனாவிலையும் இப்பிடித்தானாம். ஒரு மாதம் வெளிய போகக்கூடாதாம். பச்சைத்தண்ணி தொடக்கூடாதாம். இஞ்சி போட்டுக் கோழி சூப் குடுக்கிறவையாம்."

"எங்களைப் பாத்துத்தான் படிச்சிருப்பாங்கள்."

"அவங்களுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கம்மா."

"இருக்கட்டும். உள்ளி போடுறவையோ?"

"தெரியேல்லை."

"உள்ளி போடாட்டில் அது என்ன சரக்கு" என்று அம்மா அம்மிக்குப் பதிலாக வாங்கியிருந்த அரைக்கும் இயந்திரத்தை முடுக்கிவிட்டார். ஆயிரம் வருட மருத்துவம் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது.

எனக்கு அது போதும். அரையாண்டுக் கட்டுரைக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: இரண்டு நாட்டுத் தாய்மாரின் முதல் மாதங்கள். லினன் காற்சட்டை என் தோளைத் தட்டினார். ஒரேயொரு நிபந்தனை. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை நான் பின்தொடர வேண்டும். அனுபவமுள்ள ஒருவரிடம் பத்துத் தடவை ஊசி வைத்தியம். முன்னும் பின்னும் நாக்கின் படம்.

நோயாளியைத் தேடி அலையத் தேவையில்லை. எங்கள் வீட்டு இருப்பறையில் தரையில் இருந்தார்.

தரையில் இருந்த அண்ணி

மதி அண்ணி. என் அண்ணாவைக் கல்யாணம் செய்து சாவகச்சேரியிலிருந்து வந்து இரண்டு வருடம். அங்கே கணித ஆசிரியை. முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவர். இங்கே டொச் என்கிற ஜெர்மன் மொழி தெரியாததால், இரண்டாம் நிலை டொச் வகுப்பில் கடைக்காரனிடம் தக்காளி கேட்கப் பழகிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவரைப் பேச்சு வராத ஆளைப் போல எல்லோரும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தோம். அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

பிள்ளை பிறந்து இரண்டரை மாதம் இருக்கும். வெளியே பனி, அண்ணி வியர்த்து வழிந்தார். மூன்று படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிள்ளை தூங்கினாலும் அவர் தூங்கமாட்டார். உடம்பு உருகியது. எல்லாவற்றையும்விட ஒன்று.

"நிரு, பிள்ளையை ஒருக்காத் தூக்கித் தாறீரோ?"

"பக்கத்திலதானே கிடக்கிறா, அண்ணி."

"கை நடுங்குது. ரெண்டு கையும். போட்டுடுவன் எண்டு பயமாக் கிடக்கு."

அதனால்தான் தரை. சோபாவில் முதுகைச் சாய்த்து, சுற்றிவரத் தலையணை அடுக்கி, யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால்தான் பால் கொடுப்பார். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் பிள்ளை அழுதால், அது கிடக்கும் பாயில் தானும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். நின்றபடி அவர் பிள்ளையைத் தூக்கி நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

இதற்கு எங்கள் வீட்டில் மூன்று விளக்கங்கள். களஞ்சியத்தில் இரவு பகல் மாறி மாறி வேலை செய்யும் அண்ணா, "ஸ்ட்ரெஸ்" என்றார். எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கியவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெம்பில்லை. அம்மா, "பச்சை உடம்பு. காத்துப் பட்டிட்டுது. சரக்குக் காணாது" என்று மிளகைக் கூட்டினார். நான் 'ஈரச் சூடு' என்று கண்டுபிடித்து, சூட்டைத் தணிக்கச் செவ்வந்திப்பூத் தேநீர் வைத்தேன். காலை ஆறு மணிக்கு அம்மா சூடாக்குவார், ஒன்பது மணிக்கு நான் குளிராக்குவேன். அண்ணி இரண்டையும் குடித்தார். மருமகள் என்றால் குடிக்கத்தானே வேண்டும்.

என் கொப்பியில் வியர்வை இருந்தது, தூக்கமின்மை இருந்தது, நாக்கின் மஞ்சள் மூன்று கோணத்தில் இருந்தது. கை நடுக்கம் இல்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் ஈரச் சூட்டின் கீழே நடுக்கம் என்ற சொல் இருக்கவில்லை. அது வேறொரு நோயின் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் மார்ச்சில்தான் படிக்கவிருந்தோம்.

எட்டு வயதிலிருந்து செய்யும் வேலை

சீன டொக்டரிடம் போனபோது நான்தான் மொழிபெயர்ப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வேலையில் எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

இங்கே பிறந்த எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பல் டொக்டர், கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகம், வீட்டுக்காரன், எல்லா இடத்திலும் பெரியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளை கால் எட்டாத கதிரையில் இருக்கும். அந்தப் பிள்ளை சொல்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் வேதம்.

பிள்ளை சும்மா சொல்லாது. திருத்திச் சொல்லும். என் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, "நிரு மற்றவர்களைக் கதைக்கவே விடுவதில்லை" என்று அம்மாவிடம் முறையிட்டார். "வகுப்பில நல்லாக் கதைக்கிறனாம்" என்றேன். அம்மா என் தலையைத் தடவினார். ஆசிரியை, இந்தத் தாய்க்கு வெட்கமே இல்லை என்று நினைத்திருப்பார். கீழ்வீட்டுக்காரர் எங்கள் கறி மணத்தைப் பற்றிச் சொன்னதை அம்மாவுக்கு நான் சொன்னதில்லை. அம்மா அவரைப் பற்றிச் சொன்னதை அவருக்கும் சொன்னதில்லை. ஏழு வருடம் இருவரும் படிக்கட்டில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இதை நான் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். எட்டு வயதில் அது அப்படித்தான். இருபத்துநான்கு வயதிலும் அதையே செய்தால் அதற்கு வேறு பெயர்.

ஒரு வெள்ளைத் தாள்

சோலோதுர்ன் சிகிச்சை நிலையத்தின் காத்திருப்பு அறையில் எல்லாம் இருந்தன. மூங்கில், தண்ணீர் ஓடும் கல், சிரிக்கும் புத்தர், கண்ணை மூடிய வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகில் ஊசி குத்திய படம். உள்ளே டொக்டர் மட்டும் அந்த அலங்காரத்தில் சேராத ஆள். ஐம்பது வயதுப் பெண், கம்பளி அரைக்கைச் சட்டை, காலில் மருத்துவமனைச் செருப்பு. அவருடைய டொச் என் அம்மாவின் டொச்சைப் போல, வேண்டிய சொல் மட்டும் வரும்.

பஞ்சுக் குச்சியைக் குப்பையில் போட்டபின் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல். ஆனால் கண் சுவரிலிருந்த மணிக்கூட்டில். எனக்கு ஏமாற்றம். நாடி பார்க்கிறவர் கண்ணை மூடவேண்டாமா. லினன் காற்சட்டை மூடுவார்.

"கை" என்றார். அண்ணி இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். டொக்டர் அச்சுப்பொறியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நீட்டிய விரல்களுக்கு மேல் மெதுவாக வைத்தார். தாள் படபடவென்று அடித்தது. அறையில் காற்றில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊசி இல்லை" என்றார் டொக்டர். "முதலில் இரத்தம். குடும்ப டொக்டர். இந்த வாரமே." தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கே, தைரொயிட். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வரும். மருந்து இருக்கிறது. ஊசி பிறகு பார்க்கலாம்."

"ஆனால் ஈரச் சூடு..." என்று டொச்சில் தொடங்கினேன்.

"நீங்கள் படிக்கிறீர்களா?"

"ஓம், சனிக்கிழமைகளில்."

"எத்தனை சனிக்கிழமை?"

"இருபது."

"இன்னும் படியுங்கள்" என்றார், கோபமில்லாமல். ஒரு சீட்டில் எதையோ எழுதி நீட்டினார். நான்தான் வாங்கினேன்.

"என்னவாம்?" என்று அண்ணி கேட்டார்.

கட்டுரை கொடுக்க ஐந்து வாரம் இருந்தது. பத்து ஊசி வேண்டும். இந்த மனுசி மாட்டேன் என்றால் ஓல்டனில் ஊசி குத்த இன்னொருவர் இருக்கிறார். இரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று போனால் என் நோயாளி போனார், என் இரண்டு நாட்டுத் தாய்மாரும் போனார்கள். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் எனக்குள் ஓடி முடிந்தது.

"உடம்பு நல்லாக் களைச்சுப் போச்சுதாம், அண்ணி. இண்டைக்கு ஊசி வேண்டாமாம். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துப்போட்டுப் பாப்பமாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வேற ஒண்டும் இல்லை."

திரும்பும் ரயிலில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த டொக்டர் இங்கே வந்து பயந்துபோய்விட்டார், சொந்த வைத்தியத்தில் நம்பிக்கை இழந்துவிட்டார், வெள்ளைக்காரனின் ஆய்வுகூடத்தில் சரணடைந்துவிட்டார். சீனாவில் படித்து, முப்பது வருடம் அதையே செய்துவந்த பெண்ணைவிட, இருபது சனிக்கிழமை படித்த நான் சீன வைத்தியத்தை அதிகம் நம்பினேன். என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒரு வாக்கியம் எழுதலாமா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.

ஒன்பது நாள்

ஒன்பது நாள் நான் செவ்வந்திப்பூத் தேநீர் வைத்தேன். அம்மா மிளகு அரைத்தார். அண்ணி தரையில் இருந்தார்.

பத்தாம் நாள் பிற்பகல் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. தள்ளுவண்டியும் இல்லை. அண்ணியின் கைபேசிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. அம்மா வேலையில், அண்ணாவும் வேலையில். படிக்கட்டில் நெஞ்சு அடைக்கிற ஒருவர், கை நடுங்குகிற ஒருவர், பிள்ளையோடு பனியில் எங்கே போவார். வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். ஆரே ஆற்றுப் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு சப்பாத்தைப் போட்டேன்.

கதவு திறந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணி.

"எங்க போனனீங்கள்?"

"டொக்டரிட்ட."

"ஆரோட?"

"பிள்ளையோட."

மேலங்கியைக் கழற்றினார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் வந்து கதைச்சிருப்பன்தானே."

"ஓம், நீர் கதைப்பீர்." குரல் உயரவில்லை. முப்பது பிள்ளைகளை அடக்கிய அந்தப் பார்வையை அன்றுதான் முதன்முதலாக நான் வாங்கினேன். "அந்தச் சீன மனுசி இரத்தம் எண்டவ. குடும்ப டொக்டர் எண்டவ. கழுத்தைத் தொட்டுக் காட்டினவ. நான் டொச் வகுப்புக்குப் போறன் நிரு, தக்காளி வாங்க மட்டுமில்லை. சீட்டும் எழுதித் தந்தவ. அது இன்னும் உம்மட பையிலதான் கிடக்கு."

"ஏன் அப்பவே கேக்கேல்லை?"

"கேட்டனான். அங்கயே கேட்டனான். வேற ஒண்டும் இல்லையெண்டனீர்."

கழற்றிய மேலங்கியை அண்ணி கொக்கியில் மாட்டினார்.

"படிச்ச பிள்ளை, ஏதோ காரணம் இருக்கும் எண்டு ஒன்பது நாள் பாத்தன். இண்டைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவா எண்டு. நேற்று உம்மட கொப்பி மேசையில திறந்து கிடந்தது. என்ர நாக்கு மூண்டு படம். கை எண்டு ஒரு சொல்லில்லை."

சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பியில் நான்கு டொச் வாக்கியங்களை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். என் கைகள் நடுங்குகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. பிள்ளையைத் தூக்கப் பயம். இரத்தம் பாருங்கள். வரவேற்பு மேசையில் நின்று சத்தமாக வாசித்திருக்கிறார். உடனே உள்ளே கூப்பிட்டார்களாம்.

இரத்தத்தின் முடிவு வந்தது. தைரொயிட்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பின் அந்தச் சுரப்பி சில மாதம் அளவு மிஞ்சி ஓடும் ஓட்டம். பிறகு மந்தமாகவும் மாறலாம், அதனால் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும், அநேகமாகத் தானே அடங்கும் என்றார்களாம். நடுக்கத்துக்கும் நெஞ்சடிப்புக்கும், பால் கொடுப்பவர்களும் எடுக்கக்கூடிய மாத்திரை ஒன்று.

"காத்து கழுத்தில நிண்டிருக்கு" என்றார் அம்மா. "ஸ்ட்ரெஸ் எண்டு நான் அப்பவே சொன்னன்" என்றார் அண்ணா. லினன் காற்சட்டையிடம் சொன்னேன். தைரொயிட் எல்லாம் கடைசியில் ஈரலின் கதைதான், இதையும் கட்டுரையில் சேர்த்தால் சிறப்பாக இருக்கும் என்றார். நான் கட்டுரையைக் கொடுக்கவில்லை. இந்த முறை, பாதியில் விட்டதற்காக யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

சீன வைத்தியத்தின் மேல் பழி போட்டு இதை முடித்தால் எனக்கு வசதி. ஆனால் அந்த வைத்தியத்தை உண்மையில் படித்த ஒரே ஆள்தான் எங்களுக்குள் சரியாகச் சொன்னவர். அண்ணி பிறகு முதுகு நோவுக்கு அவரிடமே ஊசிக்குப் போனார். தனியாக.

இரண்டாம் முறை இரத்தம் பார்க்கப் போகிற அன்று, "நான் வரட்டோ?" என்று கேட்டேன்.

"வாரும். கதைக்கத் தேவையில்லை. பிள்ளையை வச்சிருந்தாக் காணும்."

காத்திருப்பு அறையில் பிள்ளை என் மடியில். கதவுக்கு அப்பால் அண்ணியின் டொச் கேட்டது. நின்று, தேடி, மறுபடி தொடங்கி. ஒரு இடத்தில் பிழையாகச் சொன்னார். திருத்துவதற்காக எழும்பிவிட்டேன். டொக்டருக்கு விளங்கிவிட்டது. நான் மறுபடி கதிரையில் இருந்தேன்.

வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"தாரும்."

"முதல்ல இருங்கோ அண்ணி. இருந்துபோட்டு வாங்குங்கோ."

"தாரும் நிரு."

கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிள்ளைக்குக் கீழே என் இரண்டு கைகளும், தொடாமல், விரிந்தபடி நின்றன.

"கையை எடும்" என்றார் அண்ணி.

எடுத்தேன்.